புற்றுக்காளானுக்குப் பெயர் வந்த வழி



இந்தப் பேச்சுக்கு 'ஒரு காட்டுக் காளானின் பெயர்' என்று தலைப்பு எழுதி அனுப்பியிருந்தேன். எந்தக் காளான் என்பதையும் அழைப்பிதழில் போடலாமா என்று கேட்டார்கள். அதையும் போட்டுவிட்டால் கூட்டத்துக்கு யார் வருவார்கள் என்று மறுத்துவிட்டேன். இப்போது சொல்லிவிடுகிறேன்: நம் ஊர்ப் புற்றுக்காளான்தான். இடி மழைக்குப் பிறகு கறையான் புற்றைச் சுற்றியும் வரப்போரத்திலும் தோப்புகளிலும் வெள்ளை வெளேரென்று முளைப்பது. விடிந்ததும் போகாவிட்டால் அடுத்த வீட்டார் பறித்துக்கொண்டு போய்விடுவது. அறிவியலில் அதன் பேரினத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர். அந்தப் பேரினத்தில் டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்ற சிற்றினத்தை 1979இல் உலகுக்கு அறிவித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன். அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்கு முன் இந்தக் காளான் கூட்டம் நூற்று முப்பது ஆண்டுகள் பெயர் மாறி மாறி அலைந்தது. அலைச்சலுக்கு முதற் காரணம், மண்ணுக்கு மேலே தெரிந்த பாதியை மட்டும் பறித்துக்கொண்டு போய்ப் பெயர் வைத்தார்கள் என்பதுதான். என் பேச்சின் சாரம் அவ்வளவே. மற்றதெல்லாம் அதற்கான சாட்சியங்கள்.

முதலில் காளானை அருகில் வைத்துப் பார்ப்போம். கடையில் விற்கும் மொட்டுக்காளானைப் போல இதைக் கிள்ளி எடுக்கக் கூடாது. மண்வெட்டியும் பொறுமையும் வேண்டும். முளைத்து வரும்போது குடை விரியாமல் கூம்பியிருக்கும். உச்சியில் ஒரு கடினமான குமிழ். அதுதான் இறுகிய மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. குடை விரிந்த பிறகும் அந்தக் குமிழ் நடுவில் பழுப்பாகத் துருத்திக்கொண்டிருக்கும். தண்டு தரைமட்டத்தோடு முடியாது. மண்ணுக்குள் போகப் போக மெலிந்து, நிறம் கறுத்து, முழங்கை ஆழத்துக்கும் கீழே இறங்கும். இதைப் பொய்வேர் என்கிறோம். இழுத்தால் பாதியில் அறுந்துவிடும். சுற்றிலும் மண்ணைத் தோண்டிக்கொண்டே போனால், அது ஒரு சிறு அறையில் போய் முடிவதைக் காணலாம். அறைக்குள் சாம்பல் பழுப்பு நிறத்தில் கடற்பஞ்சு போன்ற ஒரு பொருள் இருக்கும். அதுதான் கறையானின் தோட்டம்.

வேலைக்காரக் கறையான்கள் சருகையும் விறகையும் தின்று, அரைகுறையாய்ச் செரித்த எச்சத்தை அடுக்கி இந்தத் தோட்டத்தைக் கட்டுகின்றன. அதில் பூஞ்சை இழை படர்ந்து, கறையானின் குடலால் தனியே செய்ய முடியாத செரிமானத்தைச் செய்கிறது. தோட்டத்தின் மேல் ரவை அளவில் வெண்மணிகள் தோன்றும். கறையான்கள் அவற்றைத் தின்கின்றன. பழுத்த தோட்டப் பகுதியையும் தின்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி அந்தப் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் இப்படியே வாழ்கிறது. மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டும் வெளியே தலைகாட்டுகிறது. நாம் பார்ப்பதும் பறிப்பதும் குழம்பு வைப்பதும் அந்தச் சில நாட்களை மட்டுந்தான்.

நம் பழைய இலக்கியத்தில் காளானுக்கு ஆம்பி என்று பெயர். சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் வறுமைப்பட்ட பாணர் வீட்டு அட்டிலைக் காட்டும்போது, கறையான் கூட்டம் அரித்த பழஞ்சுவரின் புழுதியில், உள்ளே துளையுள்ள தண்டோடு காளான் பூத்திருப்பதைச் சொல்கிறார். கறையானையும் காளானையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லியிருப்பதைப் பார்த்து, புற்றுக்காளானைச் சங்கப் புலவர் அன்றே கண்டறிந்தார் என்று மேடையில் முழங்கலாம்; கைதட்டல் கிடைக்கும். ஆனால் புலவர் கொடுத்திருக்கும் அடையாளமே அதற்கு இடம் தரவில்லை. நம் புற்றுக்காளானின் தண்டு உள்ளே நிறைந்தது. அவர் சொல்வது உட்டுளை உள்ளது. அரித்த சுவரின் ஈரப் புழுதியில் முளைக்கும் வேறு ஏதோ ஒரு மெல்லிய காளான் அது. இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகு வரும் ஒருவன் 'இது அதுவல்ல' என்று சொல்ல முடிகிற அளவுக்கு ஒரு பண்பைப் புலவர் பதிவு செய்திருக்கிறாரே, வகைப்பாட்டுக்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

இனி 1847க்கு வருவோம். இலங்கையின் பேராதனைத் தாவரத் தோட்டத்துக்கு ஜார்ஜ் கார்ட்னர் கண்காணிப்பாளராக இருந்தார். அவர் சேகரித்த காளான்கள் உலர்த்தப்பட்டுக் கப்பலில் இங்கிலாந்து போயின. அங்கே மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்ற பாதிரியார் அவற்றைப் பிரித்துப் பார்த்தார். உருளைக்கிழங்கு வாடலுக்கு ஒரு பூஞ்சைதான் காரணம் என்று வாதாடிய அதே பெர்க்லி. அக்காலத்தில் பூஞ்சையியலில் அவருக்கு நிகர் இல்லை. ஆனால் அவர் கையில் இருந்தது சுருங்கிக் கறுத்த சருகும் அதோடு வந்த குறிப்பும்தான். புற்றை அவர் பார்த்ததில்லை. நீண்ட வேரைக் கண்டு ஒன்றுக்கு அகாரிகஸ் யூரைசஸ், அதாவது நல்வேர் உடையது, என்று பெயரிட்டார். அந்தக் காலத்தில் செவுள் உள்ள காளான் என்றால் பெரும்பாலும் அகாரிகஸில்தான் போடுவார்கள். அவரும் பிறரும் இதே கூட்டத்துக் காளான்களை வெவ்வேறு சருகுகளைக் கொண்டு வெவ்வேறு பெயரில் விவரித்தார்கள்.

இத்தனைக்கும் புற்றுக்குள் பூஞ்சை இருக்கும் செய்தி ஐரோப்பாவுக்குப் புதிதில்லை. தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த லின்னேயஸின் மாணவர் கோனிக், தஞ்சைப் பகுதிக் கறையான்களைப் பற்றி 1779இலேயே ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தார். கறையானைப் படிப்பவர் ஒரு பக்கம், காளானைப் படிப்பவர் இன்னொரு பக்கம் என்று இருந்ததால் இரண்டும் ஒன்றாய்ச் சேரவில்லை. நம் பல்கலைக்கழகங்களில் தாவரவியல் கட்டடமும் விலங்கியல் கட்டடமும் எதிரெதிரே நின்றும் பேசிக்கொள்ளாமல் இருப்பது இன்றைய வழக்கம் மட்டுமில்லை என்று தெரிகிறது.

தோண்டிப் பார்த்தவர் டாம் பெட்ச். 1905இல் இலங்கைக்குப் பூஞ்சையியலாளராக வந்து, அடுத்த ஆண்டே கறையான் புற்றுகளின் பூஞ்சைகளைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றைப் பேராதனைத் தோட்டத்தின் ஆண்டிதழில் வெளியிட்டார். அவர் எழுதியதைப் படித்தால் சிரிப்பு வரும். தோட்டத்திலிருந்து முளைக்கும் காளான் இரண்டு வடிவங்களில் தோன்றுகிறது. அதில் ஒரு வடிவத்தை மட்டும் பல அறிஞர்கள் லென்டினஸ், கொலிபியா, புளூட்டியஸ், ஃபோலியோட்டா, ஃபிளம்முலா என்று ஐந்து பேரினங்களில் போட்டிருக்கிறார்கள், மற்றதை ஆர்மில்லேரியா என்றிருக்கிறார்கள் என்று கணக்குக் கொடுக்கிறார். ஒரே புற்றின் விளைச்சலுக்கு ஆறு முகவரி! இளசாய்ப் பறித்தவருக்கு ஒன்று, முற்றியபின் பறித்தவருக்கு ஒன்று, வளையம் உதிர்ந்ததைப் பறித்தவருக்கு இன்னொன்று என்று தோன்றியதன் விளைவு இது. பெட்ச் இதை வால்வேரியா என்ற பேரினத்தின் திரிந்த வடிவம் என்று தீர்மானித்தார். அந்த முடிவு நிற்கவில்லை. சில ஆண்டுகளில் அவரே கொலிபியாவுக்கு மாற்றினார். ஆனாலும் அவர் செய்த ஒரு சோதனை நின்றது. கறையான் நீங்கிய தோட்டத்தைக் கண்ணாடி மணிச்சாடிக்குள் மூடி வைத்தால் இந்தக் காளான் முளைப்பதில்லை. கருவிரல் போன்ற சைலேரியா என்ற வேறு பூஞ்சைதான் கிளம்பி வருகிறது. கறையான் இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கிறது. கறையான் போனதும் எழுகிறது. ஆக, புற்றுக்காளானின் இயல்பைச் சொல்ல வேண்டுமானால் கறையானையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது பேராதனையில் அன்றே தெரிந்துவிட்டது.

அதைப் பெயரிலேயே ஏற்றி வைத்தவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம். ஆப்பிரிக்கப் புற்றுக்காளான்களை ஆராய்ந்து, ஜெர்மானியர் பிடியில் பாரிஸ் இருந்த 1942இல் டெர்மிட்டோமைசிஸ் என்ற புதுப் பேரினத்தை நிறுவினார். கறையானோடு வாழ்வது, பெரும்பாலானவற்றில் பொய்வேர் இருப்பது, தோட்டத்தில் வெண்மணிகள் தோன்றுவது, வித்துத்தூள் இளஞ்சிவப்பாக இருப்பது என்று எல்லாவற்றையும் ஒன்றாய்ச் சேர்த்து ஒரு வீட்டைக் கட்டி, ஆறு முகவரியில் சிதறிக் கிடந்தவற்றை அதற்குள் குடியேற்றினார். பெர்க்லியின் யூரைசஸும் அப்போதுதான் டெர்மிட்டோமைசிஸ் யூரைசஸ் ஆயிற்று. ஹெய்ம் பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். கைதாகி, புக்கன்வால்ட், மௌத்தௌசன் வதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டு, உயிரோடு திரும்பினார். பின்னாளில் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு இயக்குநரும் ஆனார். இடையில் 1945இல் ரோல்ஃப் சிங்கர், அதே யூரைசஸுக்கு ராஜபா என்று ஒரு பேரினத்தையும், சிறிய புற்றுக்காளானுக்குப் பொடாப்ரெல்லா என்று இன்னொன்றையும் ஏற்படுத்தினார். முந்திய பெயரே செல்லும் என்பது விதி. ஹெய்முடையது மூன்று ஆண்டு மூத்தது. ராஜபா என்ற அழகான பெயர் அதோடு போயிற்று. எனக்கு அதில் சிறு வருத்தம் உண்டு.

இப்போது சென்னைக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் உயராய்வு மையம் சி. வி. சுப்ரமணியன் காலத்தில் பூஞ்சையியலில் உலகம் அறிந்த இடம். அந்த மரபில் நடராஜன் செவுள் காளான்களை எடுத்துக்கொண்டு, 'தென்னிந்திய அகாரிகேல்ஸ்' என்று தொடர் கட்டுரைகள் எழுதினார். அந்தத் தொடரின் ஐந்தாவது கட்டுரை 1979இல் அமெரிக்க இதழான மைகாலஜியாவில் வந்தது, மூன்றே பக்கம். அதில்தான் டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி பிறந்தது. தண்டில் உதிராமல் நிலைத்து நிற்கும் தடித்த வளையமும் வெண்குடையின் நடுவே நிறம் கூடிய குமிழும் இதன் முக்கிய அடையாளங்கள். ஹெய்மின் பெயரைச் சூட்டினார். ஹெய்ம் இறந்ததும் அதே ஆண்டுதான்.

மூன்று பக்கம் என்றால் எளிது என்று நினைக்க வேண்டாம். அன்றைய விதிப்படி புதுச் சிற்றினத்தின் விளக்கம் லத்தீனில் இருந்தாக வேண்டும். ஆங்கிலமும் செல்லும் என்ற தளர்வு 2012 சனவரியில்தான் வந்தது. வகைமாதிரி என்று ஒரே ஒரு சேகரிப்பைச் சுட்டிக்காட்ட வேண்டும். அந்தப் பெயர் என்றென்றைக்கும் அந்த ஒரு மாதிரியோடு கட்டுண்டது. நாளை யாராவது நடராஜன் விவரித்த காளானும் பெர்க்லி விவரித்த ஒன்றும் ஒரே சிற்றினம் என்று நிறுவினால், மூத்த பெயர் நிற்கும், இளையது போகும். அதற்கு அவர் பார்க்க வேண்டியது கட்டுரையை மட்டுமில்லை, காகித உறைக்குள் உலர்ந்து கிடக்கும் அந்த மாதிரியை. எவ்வளவு பெரிய அறிஞர் சொன்னாலும் மாதிரி இல்லையென்றால் வழக்கு நிற்காது.

இந்தப் பேரினத்தில் நமக்கு முன்னே நின்றும் பெயரில்லாமல் இருந்தவை உண்டு. ஜாம்பியாவில் சாலையோரத்தில் வைத்து விற்கும் ஒரு புற்றுக்காளானின் குடை ஒரு மீட்டர் அகலம் வரை விரியும். அந்த நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்று வருவது. அறிவியல் அதற்கு டெர்மிட்டோமைசிஸ் டைட்டானிகஸ் என்று பெயர் வைத்தது 1980இல். ஒரு மீட்டர் குடையே அவ்வளவு காலம் காத்திருந்ததென்றால், நம் வரப்போரத்துச் சிறுகுடைகளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

பேரினம் கிடைத்தாயிற்று, குடும்பம் எது? இங்கும் ஒரு பண்பு எல்லோரையும் வழிதவற வைத்தது. குடையைக் கருப்புத் தாளின் மேல் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க வைத்தால், காலையில் செவுள்களின் வரிவரியான அச்சு இளஞ்சிவப்புத் தூளாய் விழுந்திருக்கும். இளஞ்சிவப்புத் தூள் உள்ள காளான்கள் ஒரு சாதி என்று கருதிய காலத்தில், இதைப் புளூட்டியஸ் பக்கமும் வால்வேரியா பக்கமும் நகர்த்தினார்கள். தனிக்குடும்பம் வேண்டும் என்றவர்களும் உண்டு. டிஎன்ஏ வரிசைகளைப் படிக்க ஆரம்பித்ததும் விஷயம் தெளிந்தது. இது லியோஃபில்லேசி குடும்பம். அந்தக் குடும்பத்தில் நமக்குப் பழக்கமான ஓர் உறவினர் இருக்கிறார்: கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் தமிழ்நாடெங்கும் குடிலில் வளர்க்கப்படும் பால் காளான், கலோசைபி இண்டிகா. அதுவும் காட்டுக் காளானாய் இருந்து, 1974இல் வங்காளத்து அறிஞர்களிடம் பெயர் பெற்றதுதான். பங்காளி குடிலுக்கு வந்துவிட்டார். புற்றுக்காளானை மட்டும் கறையானைத் தவிர வேறு யாராலும் பண்ணை அளவில் விளைவிக்க முடியவில்லை.

2002இல் டூர் ஆனன் என்ற ஆய்வாளரின் குழுவினர் கறையானின் மரபுவரிசையையும் பூஞ்சையின் மரபுவரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இந்த உறவு ஒரே ஒரு முறை, ஆப்பிரிக்காவில் தொடங்கியது என்று கண்டார்கள். தான்சானியாவின் ருக்வா பள்ளத்தாக்கில் சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுப் பழமையான புற்றுத் தோட்டங்களின் புதைபடிவம் கிடைத்திருப்பதாக 2016இல் கட்டுரை வந்தது. நெல்லும் கேழ்வரகும் நேற்று வந்தவை.

தோட்டம் வளர்க்கும் கறையான் சிற்றினங்கள் ஏறத்தாழ 330. பெயரிடப்பட்ட டெர்மிட்டோமைசிஸ் சிற்றினங்களோ சில பத்துகள்தான். ஒரு பூஞ்சை பல கறையான்களோடு வாழலாம் என்பது இதற்கு ஒரு பகுதி விடை. அதற்கான வழியை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். மழை தொடங்கியதும் ஈசல் பறக்கிறது. சோடி சேர்ந்த ஈசல் சிறகை உதிர்த்து மண்ணுக்குள் போய்ப் புதுக்குடி தொடங்குகிறது. பெரும்பாலான இனங்களில் அது பூஞ்சையைக் கையோடு கொண்டுபோவதில்லை. முதல் தலைமுறை வேலைக்காரக் கறையான்கள் இரை தேடி வெளியே வரும் சமயத்தில் பழைய புற்றுகளில் காளான் முளைத்து வித்துகளைச் சிதறிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்றைச் சருகோடு சேர்த்து உள்ளே கொண்டுபோனால்தான் புதுத் தோட்டம் உண்டாகிறது. ஈசலுக்குப் பின் காளான் என்ற வரிசை இதற்காகத்தான். ஆகவே எந்தப் பூஞ்சை எந்தக் கறையானிடம் போய்ச் சேரும் என்பது ஒவ்வொரு மழையிலும் புதிதாய் நடக்கும் ஒப்பந்தம்.

இதனால் வகைப்பாட்டுக்காரனுக்கு வரும் தொல்லையைக் கேளுங்கள். தோட்டத்திலிருந்து எடுத்த பூஞ்சையின் டிஎன்ஏ வரிசை ஒரு பக்கம் குவிகிறது. அதற்குக் குடையும் இல்லை, பெயரும் இல்லை. சந்தையில் வாங்கிய காளானின் வரிசை இன்னொரு பக்கம் குவிகிறது. அதற்குப் பெயர் உண்டு, கறையான் யாரென்று தெரியாது, பல சமயம் மாதிரியும் பாதுகாக்கப்படவில்லை. வெள்ளையாய், வளையத்தோடு இருந்தால் ஹெய்மி என்று பதிவேற்றிவிடுகிறார்கள். அந்த அடையாளம் சரியா என்று சோதிக்க வழியே இல்லை, ஏனென்றால் காளானைச் சமைத்தாயிற்று. பெர்க்லி காலத்தில் சருகு இருந்தது, புற்று இல்லை. இன்று கணினியில் நான்கு எழுத்து வரிசை இருக்கிறது, சருகும் இல்லை. இதை முன்னேற்றம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உண்பது பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது. பெயர் தெரிந்தால் தின்னலாம் என்று யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம். புல்வெளியில் மழைக்குப் பின் வளையத்தோடும் வெண்குடையோடும் வரும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ், பார்வைக்குப் புற்றுக்காளானோடு குழம்பக்கூடியது. தின்றால் வாந்தியும் பேதியும் ஆளை உலுக்கிவிடும். வித்துத்தூள் அதில் பச்சையாக விழும், பொய்வேர் இருக்காது. மேலே மட்டும் பார்த்துப் பெயர் சொல்வதன் ஆபத்து வகைப்பாட்டு நூலோடு நிற்பதில்லை.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர்கள் மாவட்டந்தோறும் பரவியிருக்கிறார்கள். புரட்டாசி, ஐப்பசி மழையில் அவர்கள் ஊரில் புற்றுக்காளான் முளைக்கும். புற்றை உடைக்க வேண்டியதில்லை. ஒரு காளானைப் பொய்வேர் அறாமல் தோண்டி எடுத்து, தோட்டத்தில் ஒரு சிட்டிகையும், நாலைந்து சிப்பாய்க் கறையான்களை ஒரு குப்பி ஆல்கஹாலிலும் சேர்த்து எடுத்து வரச் சொல்லுங்கள். கறையானின் சிற்றினத்தைப் பெரும்பாலும் சிப்பாயின் தலையையும் தாடையையும் வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். காளானை நெடுக்காக இரண்டாய் வெட்டி, வித்து அச்சு எடுத்துவிட்டு, இளஞ்சூட்டில் சருகாக உலர்த்துங்கள். உறையின் மேல் ஊர், நாள், எந்த மரத்தடி, அந்த ஊர்க்காரர்கள் அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதையெல்லாம் அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே எழுதுங்கள். மூன்றையும், காளான், தோட்டம், கறையான், ஒரே எண்ணின் கீழ் உங்கள் துறையின் உலர்சேகரிப்பில் வையுங்கள். ஒரு பகுதியைச் சென்னைப் பல்கலைக்கழகச் சேகரிப்புக்கு அனுப்புங்கள். எதிர்க் கட்டடத்து விலங்கியல் துறையிலும் போய்க் கதவைத் தட்டுங்கள். இதற்கு நிதிநல்கை எதுவும் தேவையில்லை. ஒரு மண்வெட்டி, ஒரு குப்பி, ஒரு காகித உறை போதும். வரும் மழைக்கே தொடங்கலாம்.